ஒட்ட வைத்த கால்கள்

"மன்னிப்புக் கடிதத்துல கையெழுத்துப் போட மாட்டேன். அதை முதல்லயே சொல்லிடறேன்."

வேங்கிக்கால் மாடி அறைக்குள் மதிவதனி நுழைந்த வேகத்தில் சுவர்க் காலண்டர் படபடத்தது. போலீஸ் வேலையை உதறிவிட்டுத் துப்பறியும் அலுவலகம் நடத்தும் ஆதிலட்சுமி பதறவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே, "உக்காருங்கம்மா. யார் கேக்கறாங்க, எதுக்கு?" என்றாள்.

மதிவதனி கீழ்பென்னாத்தூர்க்காரி. ஈக்களை ஆராயும் முனைவர் பட்ட மாணவி. மலையடிவாரத்து ஈரப் பாறையில், பச்சை உலோகமாய் மின்னும் நெட்டைக்கால் ஈ ஒன்றைப் பிடித்திருந்தாள். அதன் நடுக்கால் நுனிகள் கறுப்பாக, கொடி போல விரிந்திருந்தன.

"ஆண் ஈக்கு மட்டும்தான் மேடம் அந்தக் கொடி. ஜோடியைக் கூப்பிட ஆட்டும். இறக்கை நரம்பும் வேற மாதிரி வளையுது. எங்க கைடு சக்கரவர்த்தி சார் அந்தக் காலத்துல வகுத்த பேரினத்துல, அதான் ஜீனஸ்ல, இது அடங்காது. புதுப் பேரினம்னு எழுதிட்டேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"நேத்து கமிட்டியில ஈ இருந்த பெட்டியைத் திறந்தாங்க. சாரே மைக்ராஸ்கோப்புல பார்த்துட்டு, 'பசை தெரியுது. சாதா ஈக்கு வேற காலை ஒட்டியிருக்கு'ன்னுட்டார். நான் பார்க்கறதுக்குள்ள பூட்டிட்டாங்க. இன்னிக்கு மத்தியானத்துக்குள்ள மோசடின்னு ஒத்துக்கணுமாம். இல்லைன்னா பட்டம் கிடையாது."

"அட, இதுல யோசிக்க என்ன இருக்கு மேடம்?" உதவியாளன் முருகவேல் துள்ளினான். ஆட்டோ ஓட்டுவதைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு துப்பறிய வந்தவன். "அந்த கைடுதான்! தன் கடை காலியாயிடும்னு பண்ணிட்டார்."

"முதல்ல வண்டியை எடுய்யா. பெட்டிச் சாவி யார் யார்கிட்டம்மா இருக்கு?"

"நான், சார், அப்புறம் பிரசாத். அவன் வண்ணத்துப்பூச்சி ஆராய்ச்சி. ஒரே ஒரு லெக்சரர் வேலைக்கு ரெண்டு பேரும் மனு போட்டிருக்கோம்."

ஆட்டோவில் ஆதிலட்சுமி இரண்டே கேள்விகள் கேட்டாள். கொடி இல்லாமல் ஆண் ஈயை எப்படி அடையாளம் காண்பது? வயிற்று நுனி தடித்துக் கீழே மடிந்திருந்தால் ஆண். கூராக நீண்டிருந்தால் பெண். ஈயை எப்படிப் பதப்படுத்துவீர்கள்? "ஊசி குத்தினா உடைஞ்சுடும். அட்டை நுனியில ஒட்டுவோம். இறக்கையைத் தொடவே மாட்டோம். செத்தப்ப எப்படி மடிஞ்சிருந்துச்சோ அப்படியே."

கல்லூரி ஆய்வகத்தின் சுவர் முழுக்கப் பிரசாத்தின் வண்ணத்துப்பூச்சிகள், இறக்கை விரித்து வரிசையாக நின்றன. கமிட்டிக்காரர்களும் சக்கரவர்த்தியும் பிரசாத்தும் சுற்றி நிற்க, முதல்வர் ஜோதியம்மாள் கடுகடுவென்று பெட்டியைத் திறந்தார். ஆதிலட்சுமி மைக்ராஸ்கோப்பில் நிதானமாகப் பார்த்தாள். பிறகு படத்தைத் திரையில் விழச் செய்தாள்.

"மதிவதனி, வயித்தைப் பாருங்க."

மதிவதனி பார்த்தாள். சிரித்தே விட்டாள். "இது பொட்டை!"

"பொட்டை ஈக்கு ஆம்பளைக் கொடி. அந்த வகை ஈயோட ஆணுக்குத்தான் கொடின்னு எழுதினதே இவங்க. இவங்களே பொட்டையைத் தேடிப் பிடிச்சு ஒட்டுவாங்களா?"

முருகவேல் சக்கரவர்த்தியை நோக்கி ஓரடி வைத்தான். "நில்லுய்யா," என்றாள் ஆதிலட்சுமி. "காலமெல்லாம் ஈயோடவே வாழ்ந்தவர் ஆண் பெண் மாத்தி ஒட்டுவாரா? இறக்கையைப் பாரு. ரெண்டு பக்கமும் பளிச்சுனு விரிச்சிருக்கு. ஈக்காரங்க இறக்கையைத் தொடவே மாட்டாங்க. காஞ்ச பூச்சியை ஈரத்துல ஊற வெச்சுக் காலை ஒட்டினவர், பழக்க தோஷத்துல இறக்கையையும் அழகு பண்ணிட்டார். சுவத்துல நூறு தடவை பண்ணின வேலை. இல்லீங்களா, பிரசாத்?"

பிரசாத் கைக்குட்டையை எடுத்தான். "யூகம் மேடம். ஆதாரம் எங்க?"

"உங்க பெட்டியில. காலைப் பிடுங்கின ஆண் ஈயைக் குப்பையில போட்டிருக்க மாட்டீங்க. பூச்சி சேர்க்கிறவருக்கு அதுக்கு மனசு வராது. நீங்களே எடுக்கறீங்களா, முதல்வர் முன்னாடி ஒவ்வொரு டிராயரா நான் திறக்கட்டுமா?"

பிரசாத் தன் அலமாரியின் கடைசி டிராயரை இழுத்தான். மூலையில் சின்ன அட்டை. அதன் நுனியில், நடுக்கால்கள் இல்லாத ஒரு பச்சை ஈ.

"வேலை எனக்கு வரணும்னு..." அவன் அட்டையை மேசையில் வைத்தான்.

"அவர் கதை முடிஞ்சுது. உங்க கதை இருக்கு சார்." ஆதிலட்சுமி சக்கரவர்த்தியின் பக்கம் திரும்பினாள். "நேத்து நீங்கதான் மைக்ராஸ்கோப்புல பார்த்தீங்க. பசை தெரிஞ்ச உங்க கண்ணுக்கு, பொட்டை தெரியாமலா போச்சு?"

சக்கரவர்த்தி கண்ணாடியைக் கழற்றினார்.

ஜோதியம்மாளின் குரல் தாழ்ந்தது. "சார்... தெரிஞ்சேவா?"

அவர் முதல்வரைப் பார்க்கவில்லை, மாணவியைத்தான் பார்த்தார். "மதி, நடந்தது நடந்துடுச்சு. பட்டத்துக்கு நான் பொறுப்பு. இதை என் பேரினத்துலயே ஒரு உட்பிரிவா வெச்சுக்கலாம். ரெண்டு பேர் பேர்லயும் வெளியிடலாம். யாருக்கும் அசிங்கமில்லை."

மதிவதனி காலில்லாத ஈயை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தாள். திரையில் இறக்கை நரம்பு வளைந்து விரிந்தது.

"கால் போனா போகட்டும் சார், நரம்பு இங்கயே இருக்கு. இது எங்க நேரா போகணும்னு உங்க பேரினம் சொல்லுது, எங்க வளையுதுன்னு நீங்களே பாருங்க." நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள். "பார்த்துட்டு, உட்பிரிவுன்னு கமிட்டி முன்னாடி வாய் விட்டுச் சொல்லுங்க. சொல்ல முடியலைன்னா எழுந்துக்குங்க. மீதியை நான் பேசிக்கறேன்."

சக்கரவர்த்தி உட்கார்ந்தார். லென்ஸில் கண் வைத்தார். வெகுநேரம் பார்த்தார்.

பிறகு எழுந்து நாற்காலியை விட்டு விலகி நின்றார்.

மதிவதனி கமிட்டியைப் பார்த்துத் திரும்பினாள். "புதுப் பேரினம். ஆரம்பிக்கலாமா?"