மாமி கூட்டி வந்த பெண்கள்

ஞாயிற்றுக்கிழமை விடியப்புறமே ஞானமலர் மாமியின் குசினியில் எண்ணெய்ச் சட்டி இரையத் தொடங்கிவிட்டது. மீனை மாவுக்குள் வைத்து மடித்துப் பொரிக்கிற பற்றிஸ்! ஒரு பெரிய தட்டம் நிறைந்து, இரண்டாவது தட்டமும் நிறைந்து, அதற்கு மேலும் மாமி பொரித்துக்கொண்டே இருந்தாள். நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு இவ்வளவும் எதற்கு என்று கேட்டால், சிரிப்பு மட்டும்தான் வந்தது.

மருமகள் மெலனிக்குச் சிரிப்பு வரவில்லை. தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றாள்.

"காலங்காத்தாலை ஏன் பிள்ளை முகத்தைக் கருவாடு மாதிரி வச்சிருக்கிறாய்?"

"வெள்ளிக்கிழமை கடைசி நாள் மாமி... ஆய்வுக்கு இன்னும் முப்பது பேர் குறைவு. ஆக்கள் சேராட்டில் படிப்பிலை என்ர இடம் போயிடும்."

"ஆர் சொன்னது போயிடும் எண்டு? இண்டைக்குப் பூசைக்குப் பிறகு பாரன்! போ, போய் வெளிக்கிடு!"

அந்த இடம் மெலனிக்குச் சும்மா கிடைத்ததில்லை. திருகோணமலை நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் அவள் டொக்டர். வருகிற நோயாளிக்கு மருந்து எழுதிக் கொடுப்பதோடு நிற்காமல், எந்த மருந்து யாருக்கு எப்படி வேலை செய்கிறது என்று முறையாக ஆராய்ந்து பார்க்கிற மருத்துவராக வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. அதற்கென்று டொக்டர்மாருக்கு ஒரு பட்டமேற்படிப்பு இருக்கிறது. சில வருசங்களுக்கு முன்பே அதில் இடம் கிடைத்தது. அந்த நேரம் பார்த்து மாமனார் அல்பிரட்டுக்கு இருதய ஒப்பரேஷன். ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டு, மாமனாரின் கட்டிலருகே இருந்து பார்த்தவள் அவள். இந்த வருசம் மறுபடியும் கிடைத்திருக்கிறது. இனி மூன்றாம் தரம் கிடைக்குமா? யார் கண்டது!

படிப்பில் ஒவ்வொருவரும் சொந்தமாக ஓர் ஆய்வு செய்ய வேண்டும். பிரஷர் குளிசையைக் காலையில் போடுவது நல்லதா, இரவில் படுக்கப் போகும்போது போடுவது நல்லதா? இதுதான் மெலனியின் கேள்வி. குளிசை போடுகிற பெண்கள் நகரத்தில் நிறைய இருந்தார்கள். ஆனால் ஆய்வு என்றதும் பயந்து ஓடினார்கள்.

பூசை முடிந்ததும் மாமி அவளுடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாதா கோயில் பங்கு மண்டபத்துக்குப் போனாள். கதவைத் திறந்த மெலனி அப்படியே நின்றுவிட்டாள்.

மண்டபம் நிறையப் பெண்கள்! ஞாயிற்றுக்கிழமைச் சேலையில், தலையில் பூவோடு, வரிசை வரிசையாகக் கதிரைகளில்!

"எண்ணிப் பார்!" என்றாள் மாமி. அவளுடைய முகம் பெருநாள் போல இருந்தது. "எல்லாரும் பிரஷர்காரர். ஒரு கிழமையா வீடு வீடாத் திரிஞ்சனான். முப்பதுக்கு மேலை நிக்குது பிள்ளை!"

"மாமி!" மெலனி எல்லோருக்கும் முன்னால் மாமியைக் கட்டிப்பிடித்தாள். சீனன்குடாவில் வேலை பார்க்கிற அவளுடைய புருஷன் றொமேஷ் ஒரு மூலையில் நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். "வெண்டிட்டீர் மெலனி! வெண்டிட்டீர்!" என்று அவன் போட்ட சத்தத்தில், வெளியே புல் மேய்ந்துகொண்டிருந்த, நகரத்துத் தெருக்களில் திரிகிற மான்கள்கூடத் தலையை நிமிர்த்திப் பார்த்தன.

மெலனி முன்னுக்கு வந்து, சொல்ல வேண்டியதை முறையாகச் சொன்னாள். விரும்பினால் மட்டும் சேரலாம். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். சேராவிட்டாலும் வழக்கமான மருந்து கிடைக்கும். ஆர் காலையில் போடுவது, ஆர் இரவில் போடுவது என்பதைக் கணினி குலுக்கிப் போட்டுச் சொல்லும்.

"விளங்கிச்சுதோ?"

"ஓம்!"

"எல்லாருக்கும் விருப்பமோ?"

"ஓம்!"

பூசையில் பதில் சொல்வது போல ஒரே குரல். மாமி பற்றிஸ் தட்டத்தோடு பக்கத்தில் நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

பிரஷர் பார்க்கத் தொடங்கினாள் மெலனி. முதலில் வந்தவள் பிரசாந்தினி. புருஷனைக் கடலில் பறிகொடுத்துவிட்டு, சந்தையில் மீன் விற்றுப் பிழைக்கிறவள். கைப்பட்டியைச் சுற்றும்போது அவள் கையைப் பின்னுக்கு இழுத்தாள். பிரஷர் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது.

"என்ன அக்கா, பயமோ?"

பிரசாந்தினி பின்னால் திரும்பி மாமியை ஒருதரம் பார்த்தாள். பிறகு குனிந்து மெதுவாகக் கேட்டாள்.

"டொக்டர்... நான் சேராட்டில் ஞானமலர் அக்கா கோவிப்பாவோ?"

"உங்களுக்கு விருப்பம் இல்லையோ?"

"எனக்குப் பயமா இருக்கு டொக்டர்... ஆனா அவர் செத்த நேரம் முப்பத்தோராம் நாள் வரை என்ர வீட்டிலை உலை வச்சது அவதான். வீட்டை வந்து, 'என்ர மருமகளுக்காக ஒரு கையெழுத்துப் போடு' எண்டு கேட்டவ. அவவுக்கு இல்லை எண்டு சொல்ல என்ர வாய் வராது. இஞ்ச இருக்கிற ஒருத்தருக்கும் வராது..."

மெலனி நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவு பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தது அவளை அல்ல, மாமியை! பிள்ளைப்பேறோ சாவீடோ, இந்தப் பங்கில் மாமி போய் நிற்காத வீடு இல்லை. அந்தக் கடனைத்தான் இவர்கள் இன்று அடைக்க வந்திருக்கிறார்கள். இது சம்மதமா? அவள் படித்த படிப்பில் முதல் பாடமே இதுதானே!

பேசாமல் இருந்துவிடலாம். ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. கையெழுத்து இருக்கும், இடம் நிலைக்கும், ஆசை நிறைவேறும்... ஒரு நிமிசம் மனம் அந்தப் பக்கம் சாயத்தான் செய்தது. பொய் சொல்வானேன்!

அவள் எழுந்து நின்றாள். "இண்டைக்கு ஒருத்தரையும் நான் சேர்க்கேல்லை. எல்லாரும் வீட்டை போய் ஆறுதலா யோசியுங்கோ. உண்மையா விருப்பமெண்டால், வெள்ளிக்கிழமைக்குள்ளை தனித்தனியா கிளினிக்குக்கு வாங்கோ. வராட்டிலும் ஒரு குறையும் இல்லை."

மண்டபம் சலசலத்தது. கதிரைகள் இழுபட்டன. மாமியின் கையில் தட்டம் அப்படியே இருந்தது. ஒரு பற்றிஸ்கூட எடுபடவில்லை.

வீட்டுக்குள் கால் வைத்ததுதான் தாமதம், மாமி வெடித்தாள்.

"ஊருக்கு முன்னாலை என்ர முகத்திலை கரியைப் பூசிப்போட்டாயே! வெயில் எண்டு பார்த்தனானோ, கால் நோ எண்டு பார்த்தனானோ? உனக்காகத்தானே படி ஏறி இறங்கினனான்! நான் கூட்டிக்கொண்டு வந்த சனத்தை நாய் மாதிரிக் கலைச்சிட்டாய்!"

"மாமி, அவை உங்களுக்காக வந்தவை... தங்கட விருப்பத்திலை வரேல்லை..."

"எனக்காக வந்தால் என்ன குறைஞ்சு போச்சு? நான் என்ன நஞ்சோ குடுக்கச் சொன்னனான்?"

றொமேஷும் சேர்ந்துகொண்டான். "ஒரு கையெழுத்துத்தானே மெலனி! நீர் ஏன் இப்பிடிப் பிடிவாதம் பிடிக்கிறீர்? அம்மா அழுகிறதைப் பாரும்!"

மெலனியின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. புருஷனே இப்படிக் கேட்டால் அவள் யாரிடம் போய் அழுவாள்?

மாமி அலுமாரியைத் திறந்து சேலைகளை அள்ளிப் பையில் திணித்தாள். "நான் பாலையூற்றிலை தங்கச்சி வீட்டை போறன். மதிப்பில்லாத இடத்திலை எனக்கு என்ன வேலை!"

மெலனி ஓடிப்போய் வாசலில் நின்றாள். காலில் விழுவாள் என்று மாமி எதிர்பார்த்திருக்க வேண்டும். ஆனால் மெலனி கேட்டது வேறு.

"போங்கோ மாமி, நான் மறிக்கேல்லை. ஒண்டே ஒண்டு கேக்கிறன். நீங்களும் றொமேஷைப் பெற ஆஸ்பத்திரிக்குப் போனனீங்கள்தானே, அங்கை ஒருத்தராவது உங்களைக் கேட்டவையோ... 'ஞானமலர், உங்களுக்கு இது விருப்பமோ' எண்டு?"

மாமியின் கையிலிருந்த பை நழுவி நிலத்தில் விழுந்தது. பக்கத்துக் கதிரையில் பொத்தென்று இருந்தாள்.

"இல்லை," என்றாள். பிறகு பேசத் தொடங்கியபோது குரல் வேறாக இருந்தது.

"றொமேஷ் பிறந்த நேரம்... சண்டைக் காலம். ரத்தம் நிக்கேல்லை. நான் மயங்கிப் போனன். கண் முழிச்சால் வயித்திலை தையல். என்ன செய்தவை எண்டு டொக்டரும் சொல்லேல்லை, இந்த மனுசனும் சொல்லேல்லை. வீட்டை வந்த பிறகு, அடுத்த பிள்ளை ஒரு பொம்பிளைப் பிள்ளையா வேணும் எண்டு மாதா கோயிலிலை மெழுகுதிரி கொளுத்தினனான். ஒரு வருசமாக் கொளுத்தினனான்... பிறகு ஒரு நேர்ஸ் தற்செயலாச் சொல்லித்தான் தெரியும், கர்ப்பப்பையையே எடுத்திட்டினம் எண்டு!"

மூலையில் இருந்த அல்பிரட் மாமா எழுந்துவிட்டார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்ந்த அந்தப் பெரிய மனிதர் பிள்ளை போலத் தலையைக் குனிந்து நின்றார். "உன்ர உயிரைக் காப்பாத்தத்தான் ஞானம் கையெழுத்துப் போட்டனான்... சொன்னால் நீ உடைஞ்சு போவாய் எண்டு பயந்து..."

"காப்பாத்தினது சரிதான். முழிச்ச பிறகாவது என்னட்டைச் சொல்லியிருக்கலாம்தானே? மெழுகுதிரி கொளுத்தேக்கை பக்கத்திலை நிண்டனீங்கள்தானே?"

இந்த ரகசியம் தாயின் நெஞ்சில் இத்தனை வருசம் கிடந்தது றொமேஷுக்கே அன்றுதான் தெரியும். அவன் தாயின் காலடியில் போய் இருந்தான். மெலனி மாமியின் கையைப் பிடித்தாள்.

"இதுதான் மாமி... இதுக்காகத்தான் அவையை அனுப்பினனான்."

மாமி மூக்கைச் சிந்தினாள். முகத்தைத் துடைத்தாள். திடீரென்று நிமிர்ந்தாள். பழைய ஞானமலர் திரும்பி வந்துவிட்டாள்!

"சரி! நாளைக்கே நான் போய் எல்லாரிட்டையும் சொல்லுறன், விருப்பமில்லாட்டில் வரவேண்டாம் எண்டு!"

அழுகைக்கு நடுவே மெலனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீங்கள் சொன்னால் அதையும் உங்களுக்காகத்தான் செய்வினம் மாமி!"

மாமி ஒரு கணம் யோசித்தாள். பிறகு கீழே கிடந்த பையைத் தூக்கினாள்.

"அப்ப நான் பாலையூற்றுக்குத்தான் போக வேணும். இஞ்ச நிண்டால் சந்தையிலையும் கோயிலிலையும் என்ர முகத்தைக் காணுவினம். என்ர முகம் இல்லாமல் அவை யோசிக்கட்டும். ஒரு கிழமைக்கு போனும் எடுக்கமாட்டன். இடம் போனால்... என்னை மன்னிச்சுக்கொள் பிள்ளை."

கோபத்தில் கட்டிய பை அது. அன்போடு போனது. அல்பிரட் மாமா பையை வாங்கிச் சுமந்துகொண்டு பின்னால் நடந்தார்.

திங்கட்கிழமை கிளினிக்குக்கு ஒருவரும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை பிரசாந்தினி வந்தாள்.

"நான் சேரேல்லை டொக்டர்," என்றாள் பிரசாந்தினி. சொல்லிவிட்டு, திட்டு விழும் என்று காத்திருந்தாள்.

"நல்லது அக்கா. இருங்கோ, பிரஷரைப் பார்த்து மருந்தை மாத்தித் தாறன்."

"கோவம் இல்லையோ?"

"ஒரு துளிகூட இல்லை!"

பிரசாந்தினி மருந்தை வாங்கிக்கொண்டு ஒரு துள்ளல் நடையோடு போனாள். அவள் போன இடம் சந்தை. அங்கே சும்மா இருந்தாளா? "நான் ஏலாது எண்டு சொன்னனான், அந்த டொக்டர் சிரிச்சுக்கொண்டு மருந்து தந்தவ!" என்று மீன் வெட்டுகிறவளுக்கும், மரக்கறிக்காரிக்கும், மூதூரிலிருந்து வந்து வியாபாரம் செய்கிற அசனாவுக்கும் அளந்துவிட்டாள். ஆய்வு என்றால் பிடித்து வைத்துக்கொள்வார்கள் என்று பயந்திருந்த பெண்களுக்கு, மறுக்கவும் முடியும் என்பதே பெரிய புதுச் செய்தியாக இருந்தது.

புதன்கிழமை அசனா வந்தாள். கேள்வி மேல் கேள்வி கேட்டாள், எல்லாவற்றுக்கும் பதில் வாங்கினாள், கையெழுத்திட்டாள். பின்னேரம் தன் கூட்டாளிகளோடு இன்னும் பலர். வியாழக்கிழமை மண்டபத்துப் பெண்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். சிலர் வேண்டாம் என்றார்கள். பலர் ஓம் என்றார்கள். இந்த ஓம் வேறு ஓம்! வெள்ளிக்கிழமை மத்தியானம் கடைசிப் பெண்ணும் கையெழுத்திட்டபோது மெலனி எழுந்து அறைக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றினாள். அவளுடைய பேராசிரியை ஹுஸ்னியா போனில் சொன்னார்: "மெலனி, இடம் உங்களுக்குத்தான்! ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொன்னீங்களே... அண்டைக்கே நீங்க பாஸ் பண்ணிட்டீங்க!"

மாமியின் போன் நிறுத்தி வைத்தபடியே இருந்தது. மெலனி மாமியின் தங்கச்சியின் நம்பருக்கு எடுத்தாள்.

"மாமி! நிரம்பிட்டுது! எல்லாம் நிரம்பிட்டுது!"

மறுபக்கத்தில் விம்மல்.

"வீட்டை வாறீங்களோ மாமி? விருப்பமில்லாட்டில் இல்லை எண்டு சொல்லலாம்."

"இல்லை," என்றாள் மாமி. "வரமாட்டன்."

மெலனிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நானா வரமாட்டன். நீ வந்து கூட்டிக்கொண்டு போக வேணும். எனக்கு அதுதான் விருப்பம்!"

றொமேஷ் ஓட்டோ பிடித்தான். பாலையூற்று வாசலில் மாமி புதுச் சேலையோடு காத்து நின்றாள். மெலனி இறங்கியதும் இறங்காததுமாக ஓடினாள். இருவரும் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் யார் யாரைத் தேற்றுவது என்று தெரியவில்லை.

"நான் கொளுத்தின மெழுகுதிரி ஒண்டும் வீணாப் போகேல்லை பிள்ளை... பிந்தித்தான் வந்தாய். என்ர மகள்!"

கூட வந்த அல்பிரட் மாமா, மாமியின் பையோடு ஓட்டோவுக்குப் பக்கத்தில் நின்றார். வழக்கமாக அவர் "வா" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு முன்னால் ஏறிவிடுவார். இன்று ஏறவில்லை. தொண்டையைச் செருமினார்.

"ஞானம்... போவமோ? உனக்கு விருப்பமோ?"

மாமி சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். கண்ணைத் துடைத்தாள். அவரை நன்றாகக் காக்க வைத்தாள்.

"ஓம்," என்றாள்.