கடைசியில் வாய்

படத்தின் கண்ணாடிக்குள் ரப்பர் துகள் கிடந்தது. சட்டத்தின் கீழ்விளிம்பில், கறுத்துச் சுருண்டு, ஏழெட்டு இருக்கும். சட்டம் போடுகிறவர் படத்தைத் தூசி தட்டி, பின்பக்கம் நாடா ஒட்டி மூடி ஒரு மாதமாகிறது. மனுஷன் ஒழுங்காகத் துடைக்கவில்லை என்று ஓவியன் முணுமுணுத்தான். பழியை அடுத்தவர் தலையில் கட்டுவதில் அவன் கெட்டிக்காரன்.

கூடத்தில் எட்டு ஓவியர்கள் வரைந்த முகங்கள் மாட்டியிருந்தன. மற்ற ஏழு பேரும் டீ குடிக்கப் போயிருக்க, புதுப் பெயின்ட்டின் வாடையோடும், ஜன்னல் வழியே நீண்டு வந்து ஒவ்வொரு முகமாகத் தொட்டுவிட்டு நகர்கிற சாயங்கால வெயிலோடும் அவன் தனியாக நின்றான். நடுச்சுவரில் அவனுடைய அண்ணன். மருத்துவமனைத் தலையணையில் சாய்ந்த முகம், முழுக்கப் பென்சில் வேலை. அழைப்பிதழில் போட்டிருந்ததும் அதைத்தான். ஆறு மணிக்கு அண்ணி வருவாள், வந்தால் ஒரே ஒரு கேள்வி கேட்பாள். அதற்குப் பயந்துதான் நாலு மாதமாக அவள் வீட்டுப் பக்கமே அவன் தலைகாட்டவில்லை.

வாயைக் கடைசியில் வரைவது அவன் வழக்கம். அன்று மருத்துவமனையில் அவனைத் துணைக்கு வைத்துவிட்டு அண்ணி குளித்து வர வீட்டுக்குப் போயிருந்தாள். நெற்றி, கண், காது எல்லாம் முடித்து உதட்டுக் கோட்டில் பென்சிலை வைத்தபோது அந்த உதடு அசைந்தது.

"தண்ணி."

"ஒரு நிமிஷம்ணா. அசையாம இருங்க."

அண்ணன் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் கோடு கெட்டது, மூன்று முறையும் ரப்பரால் அழித்தான். நாலாவது தடவை உதடு அசையவே இல்லை. கோடு ஒரே இழுப்பில் அழகாக விழுந்தது. அப்போது அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. பாவி, சந்தோஷமாக இருந்தது. நிரம்பிய டம்ளர் அவன் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது.

ஸ்ரக். ஸ்ரக்.

தாளில் ரப்பர் தேய்கிற சத்தம். தூக்கத்தில் கேட்டாலும் அவனுக்குத் தெரியும். எலியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டான். சத்தம் நடுச்சுவரிலிருந்து வந்தது. கிட்டே போய்ப் பார்த்தான். துகள் இப்போது சிறு குவியலாகியிருந்தது. கீழ் உதட்டின் இடது ஓரத்தைக் காணோம்.

படத்தைக் கழற்ற முயன்றான். சுவரோடு ஸ்க்ரூ போட்டு முறுக்கியிருந்தார்கள். நகம் உடைந்தது. ஸ்ரக். மேல் உதடு பாதி. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"தம்பி."

அண்ணி. சீக்கிரமே வந்துவிட்டாள். சுவரைப் பார்க்காமல், படத்துக்கு முதுகு காட்டி நின்றாள்.

"படத்தை அப்புறம் பாக்கறேன். இப்ப பாத்தா அழுதுடுவேன்." புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நீங்கதானே கூட இருந்தீங்க. கடைசியில ஏதாவது கேட்டாரா?"

சொல்லிவிடலாம். காலில் விழுந்து சொல்லிவிடலாம். அண்ணி அடித்தாலும் தேவலை.

"இல்ல அண்ணி. ஒண்ணும் கேக்கல. நிம்மதியா தூங்கினார்."

சத்தம் நின்றது.

அவள் தோளுக்கு மேலே பார்த்தான். உதடு இருந்த இடத்தில் வெறும் வெள்ளைத்தாள். அதன் நடுவே ஒரு கீறல். நீளமாக. மெல்ல அகலமாக.

அண்ணி திரும்பவில்லை. விருந்தினருக்கென்று மேசையில் வைத்திருந்த தண்ணீர் டம்ளர்களில் ஒன்றை எடுத்தாள். அவனிடம் நீட்டினாள்.

"கேக்கறாரே தம்பி. உங்க காதுல விழலையா?"

அவளுக்குப் பின்னால் படத்தின் தாள் வாயாகத் திறந்திருந்தது. கண்ணாடியின் உள்பக்கம், மூச்சு பட்டுப் பட்டு வெளுத்தது.