மூத்தவள் தைத்த தலையணை

தரையில் எறிந்த தலையணை மறுபடி காந்தாவின் தலைக்கு அடியில் இருந்தது.

ஆக்சிஜன் சிலிண்டரைத் திறக்க ஜூடித் திரும்பி ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அதற்குள் காந்தாவின் கழுத்து மடங்கி, மோவாய் மார்பில் இடித்து, ஈர மரத்தை அறுப்பது போல அந்தக் குறட்டை தொடங்கிவிட்டது. நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கும்போது வரும் குறட்டை. ஜூடித் அல்சூர் டாக்டர் ஒருவரின் நர்ஸ். சீனச் சண்டையின்போது நடத்திய முதலுதவி வகுப்பில், மயங்கியவருக்குத் தலையணை வைக்காதீர்கள் என்று ஜோகுபாளையத்துப் பெண்களிடம் தொண்டை வறளச் சொன்னவள்.

தலையணையை உருவினாள். காந்தாவின் நெற்றியைப் பின்னுக்குச் சாய்த்துத் தாடையைத் தூக்கினாள். குறட்டை நின்றது. ஆக்சிஜன் முகமூடியில் தொங்கிய ரப்பர் பை மூச்சுக்கு மூச்சு சுருங்கி விரிந்தது.

"யார் சார் திரும்ப வெச்சது?"

காந்தாவின் புருஷன் இளங்கோவன் வேட்டி நுனியைப் பிசைந்தான். "நான் தொடலே சிஸ்டர்."

பொய். அறையில் வேறு யார் இருக்கிறார்கள்? காந்தா தூக்க மாத்திரையைத் தானாகவே விழுங்கினாள் என்று சொல்வதும் இவன்தான். சுவரில் மாலை போட்ட படத்தில் இருந்தாள் மூத்த தாரம் சரளா. அவளும் இதே கட்டிலில் தூக்கத்திலேயே போனாளாம். ஒருவன் வீட்டில் இரண்டு முறை அப்படி நடக்குமா?

"ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் வெளிய நில்லுங்க."

"சிஸ்டர், அந்தத் தலகாணி சரளா தெச்சது. எங்க கொண்டு போய்ப் போட்டாலும்..."

"போங்க சார்!"

கதவைத் தாழிட்டாள். தலையணையை அலமாரியின் உச்சியில் வீசினாள். சாத்திய சன்னலுக்கு வெளியே மாலை மழை கொட்டியது. உள்ளே சிலிண்டர் உஸ்ஸென்று சீறியது. ரப்பர் நெடியையும் மீறி எங்கிருந்தோ மரிக்கொழுந்து மணத்தது. படத்து மாலையோ எப்போதோ காய்ந்து போனது. காந்தாவின் உதட்டில் நீலம் வடிந்து சிவப்பு திரும்பிக்கொண்டிருந்தது. பிழைத்துவிடுவாள்.

கழன்ற ரப்பர் குழாயை மாட்டக் குனிந்தாள்.

குறட்டை.

நிமிர்ந்தாள். தலையணை. காந்தாவின் தலைக்கு அடியில்.

கதவைப் பார்த்தாள். தாழ் போட்டபடியே இருந்தது.

பிடுங்கி எறிந்தாள். கட்டிலின் தலைமாட்டில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் காந்தாவின் தாடையைத் தூக்கிப் பிடித்தாள். இனி விடமாட்டாள். யார் வந்தாலும்.

தெருவில் ஆம்புலன்ஸ் மணி. கதவு தடதடத்தது.

"சிஸ்டர், வண்டி வந்துடுச்சு! தொறங்க!"

திறக்க வேண்டுமென்றால் கையை எடுக்க வேண்டும்.

"கதவ ஒடைங்க!" என்று கத்த வாயைத் திறந்தாள்.

பிடரியில் மெத்தென்று ஏதோ பட்டது. வெதுவெதுப்பாக. மரிக்கொழுந்து வாசனையோடு. மெல்ல அழுத்தியது. அவள் மோவாய் மார்பில் போய் இடித்தது. கத்தல் வரவில்லை.

குறட்டை வந்தது. அவள் தொண்டையிலிருந்து.

விரல்கள் ஒவ்வொன்றாகக் காந்தாவின் தாடையிலிருந்து நழுவின. ரப்பர் பை உப்பியது. உப்பியபடியே நின்றது.