முதல் அழைப்புக்குச் சொன்ன பதில்

லாரிச் சத்தம் கேட்கவில்லை. குரல் மட்டும் கேட்டது.

"ஒனே."

பிரசவ வார்டின் தகரக் கூரையில் மழை பொழுது சாய்ந்ததிலிருந்து ஒரே சீராக அடித்துக்கொண்டிருந்தது. டெட்டால் நெடியும் மண்ணெண்ணெய்ப் புகையும் ரத்த வாடையும் ஈரச் சுவரில் ஒட்டிக் கிடந்தன. நர்ஸ் கெர்லாந்து, ரோஸ்மேனின் அடிவயிற்றை இரு கையாலும் அழுத்திப் பிடித்தபடி, முழங்கைக்குக் கீழே தன் கைகள் இருக்கின்றனவா என்றே தெரியாமல் நின்றிருந்தாள். ஆண் பிள்ளை பிறந்து ஒரு மணி நேரமாகிறது. அது அழுகையை நிறுத்தவில்லை. தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை. இருந்த கடைசி ஊசியும் போட்டாயிற்று.

"ரெஸ்பே," என்றாள் கெர்லாந்து, தலையைத் திருப்பாமலே.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. வருகிறவர் வாசலில் நின்று 'ஒனே' என்பார். வீட்டுக்காரர் 'ரெஸ்பே' என்றால்தான் உள்ளே கால் வைப்பார். இருட்டிய பிறகு மூன்று தரம் கேட்காமல் அந்தப் பக்கத்தில் யாரும் பதில் சொல்வதில்லை; ஆளல்லாதது ஒரு தரம்தான் கூப்பிடும் என்பார்கள். அவளுக்கும் தெரியும். ஆனால் அவள் தூங்கி இரண்டு நாள் ஆகியிருந்தது.

சுடுதண்ணீர்ச் சட்டியோடு வந்த க்ளோதெத் நடுவழியில் நின்றாள். வார்டைக் கூட்டிப் பெருக்குகிறவள், வயதில் மூத்தவள்.

"ஒரு தடவைதானே கூப்பிட்டாங்க, மிஸ்?"

"மருந்து வந்திருக்கும்க்கா. வில்னெர் எட்டு மணிக்குள்ள வந்துடுறேன்னான்."

"வில்னெர் சொன்ன நேரத்துக்கு என்னைக்கு வந்திருக்கான்? அவன் கல்யாணத்துக்கே மறுநாள்தான் வந்தான்."

க்ளோதெத் போய்ப் பார்த்தாள். "கதவு திறந்து கெடக்கு. யாரையும் காணோம்."

அப்போது கெர்லாந்தின் கைக்கடியில் ரோஸ்மேனின் வயிறு கல்லாக இறுகியது. ரத்தம் நின்றது.

பிள்ளையின் அழுகையும் நின்றது.

கெர்லாந்து முக்காலியில் உட்கார்ந்தாள். சம்பளமில்லாத வேலை, நாலு வருஷம். மருந்துப் பட்டியலைத் தூக்கிக்கொண்டு நன்கொடை கேட்டு சர்ச் சர்ச்சாகப் பூசை முடியும்வரை காத்துக் கிடந்திருக்கிறாள். மயாமியில் முடி திருத்தும் கடை வைத்திருக்கும் சித்தி மகள், கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் கேட்டுக் கேட்டு, மூன்று மாதத்தில் இரண்டு பெட்டி சேர்த்தாள். கையுறை, தையல் நூல், ரத்தம் நிறுத்தும் ஊசி. போர்ட்-ஓ-பிரின்ஸிலிருந்து அதைத்தான் வில்னெர் ஏற்றி வருகிறான். ரோஸ்மேன் அதுவரை தாங்கினால் போதும் என்று கெர்லாந்து நினைத்திருந்தாள். தாங்கிவிட்டாள்.

"குளிருது மிஸ்," என்றாள் ரோஸ்மேன்.

போர்த்திவிட்டாள். நாடி மெதுவாக, ஆனால் ஒழுங்காக ஓடியது. தாயின் பக்கத்தில் பிள்ளை கண்ணை விழித்துக் கிடந்தது. விளக்கைப் பார்க்கவில்லை. தாயின் கழுத்தைப் பார்த்தது.

கட்டிலடி வாளியில் ரத்தத்தில் நனைந்து கிடந்த துணிகள் இப்போது வெள்ளையாக இருந்தன. க்ளோதெத் அலசியிருப்பாள். அதற்குமேல் யோசிக்க கெர்லாந்திடம் தெம்பில்லை.

ஒன்பதரைக்கு லாரி இரைந்தது. ஹாரன். பிறகு "ஒனே", மூன்று தரம். இருவரும் கோணிச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே ஓடினார்கள்.

"பாலம் முழுகிடுச்சு மிஸ். சுத்திக்கிட்டு வரேன்."

"உன் பாலம் முழுகாத நாளே கெடையாதா?" என்றாள் க்ளோதெத்.

"ஆத்தைக் கேளு. என்னை ஏன் கேக்கிற?" பெட்டிகளை இறக்கியதும் வில்னெர் வண்டியைத் திருப்பினான். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

ஆளுக்கொரு பெட்டி. சேறு கணுக்கால் வரை.

"துணியை எப்பக்கா அலசினீங்க?"

"எந்தத் துணி?"

"வாளியில கெடந்தது."

"நான் வாளிகிட்டயே போகல மிஸ்."

கெர்லாந்து நடந்தாள். வார்டுக் கதவு சாத்தியிருந்தது. திறந்து வைத்துவிட்டுத்தான் வந்தார்கள். காற்றாக இருக்கும். இரண்டு கையாலும் பெட்டியைப் பிடித்திருந்தாள். பழக்கம்.

"ஒனே," என்றாள்.

சொன்ன பிறகுதான் தோன்றியது. க்ளோதெத் தன் பின்னால் நிற்கிறாள்; உள்ளே எழுந்து வரக்கூடியவர் யாருமில்லை.

மழை.

உள்ளே யாரோ தொண்டையைச் செருமினார்கள். வயதான ஆண் தொண்டை.

"ரெஸ்பே."

வீட்டுக்காரர் சொல்கிற தோரணை. நிதானமாக.

தாழ்ப்பாள் நகர்ந்தது. கதவு திறந்தது. கதவருகே யாரும் இல்லை.

விளக்கு எரிந்தது. ரோஸ்மேன் மல்லாந்து கிடந்தாள். போர்வை வெள்ளை. மெத்தை வெள்ளை. எங்கும் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. அவள் உதட்டிலும் இல்லை. திறந்த கண்ணின் ஓரத்திலும் இல்லை.

அவள் கால்மாட்டில் பிள்ளை உட்கார்ந்திருந்தது. நிமிர்ந்து. கன்னம் சிவந்து. விருந்தாளி உள்ளே வருவதற்காக, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது.