மிளகுக்கு ஓர் இடம்

செவ்வாயின் வைகைக் குவிமாடத்தில் அந்திவிளக்கு எரியத் தொடங்கியதும் எல்லோரும் தங்கள் நாய்களைக் கம்பத்தடிக்குக் கூட்டி வருவார்கள். காலைத் தூக்குவதற்கு அல்ல, மின்னேற்றிக்கொள்வதற்கு. நாய்களுக்குப் பக்கத்தில் பூனைகளும் முயல்களும் வாலைக் கம்பத்தில் செருகிக்கொண்டு நிற்கும். மூச்சு விடும் பிராணி காற்றைச் செலவழிக்கும் என்பதால் அங்கே பொறிப்பிராணிகளே வழக்கம். அவற்றுக்குப் பெயர் உண்டு, பிறந்தநாள் உண்டு, சட்டப் பாதுகாப்பும் உண்டு. இயந்திரம் என்று யாரும் சொல்வதில்லை. அது நாகரிகம் இல்லை.

அந்தக் குவிமாடத்தில் மூச்சு விட்ட ஒரே நாய் மிளகு. காற்றுச் சுத்திகரிப்புப் பொறியாளர் பொற்கொடி, பூமியிலிருந்து வந்த உறைகருவிலிருந்து அதை வளர்த்தெடுத்திருந்தாள். அது இழுக்கும் காற்றுக்கு ஈடாகத் தன் அறை முழுவதும் பாசித்தொட்டி வைத்து, ஈரவாடையில் தூங்கிப் பழகியிருந்தாள். அதில் அவளுக்கு வருத்தம் இருந்ததில்லை.

வருத்தம் வேறு வழியில் வந்தது. முதலில் ஒரு முயலின் கால் போனது. பிறகு குவிமாடக் குழுச் செயலாளர் நம்பிராஜனின் பூனை ஜிகினாவின் காதை மிளகு பிய்த்துவிட்டது. காதை அன்றே மாற்றியாகிவிட்டது. ஆனாலும் குழு கூடியது.

"அது முதல்ல விளையாடத்தான் சார் கூப்பிட்டுச்சு" என்றாள் பொற்கொடி. "முன்னங்கால நீட்டிக் குனிஞ்சுது. ஜிகினாவுக்குப் புரியல. அப்புறம் உறுமிப் பார்த்துச்சு. அப்பவும் மேல வந்து உரசுனா அது என்ன பண்ணும்?"

"ஜிகினாவுக்கு யாரையும் வெறுக்கத் தெரியாதும்மா. அதோட குணம் அப்படி" என்றார் நம்பிராஜன்.

அப்படி அமைத்திருக்கிறார்கள் என்று சொல்ல வாயெடுத்தவள் அடக்கிக்கொண்டாள். 'பிற பிராணிகளிடம் மூர்க்கம்' என்று குழு தீர்ப்பளித்தது. அடுத்த சரக்குக் கப்பல் வருவதற்குள் மிளகு வேறு இடம் போக வேண்டும். இல்லையென்றால் உறைதூக்கம்; அதிலிருந்து எந்த நாயும் எழுப்பப்பட்டதில்லை.

பொற்கொடி ஒவ்வொரு குடியிருப்பாகக் கேட்டாள். நாய் என்றதும் ஆசையாகப் பேசியவர்கள், தீர்ப்பைக் கேட்டதும் திரையை அணைத்தார்கள். கடைசியில் மிஞ்சியது தென்துருவப் பனி விளிம்பில் ஆட்டுப்பண்ணை வைத்திருந்த லூர்து. அவருடைய ஆடுகள் அசல் ஆடுகள்; பாசியைத் தின்று, பால் கறந்து, புழுக்கை போடுபவை.

"நாய் ஒண்ணு இருந்தா நல்லாத்தான் இருக்கும்" என்றார் லூர்து. "ஆனா இங்க காது பிஞ்சா மாத்த முடியாதும்மா."

"ஒரு தடவை பாருங்கண்ணே. நானும் கூடவே நிக்கிறேன். ஏதாவது ஆச்சுன்னா வந்த வண்டியிலயே கூட்டிட்டுப் போயிடறேன்."

மிளகின் மேல் அவளுக்குச் சந்தேகம் கிடையாது. ஆனாலும் பண்ணைக்குப் போய்ப் பட்டிக்குள் நுழைந்தபோது அதன் கழுத்துவாரைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். குட்டிகளோடு நின்ற தாய் ஆடு ஒன்று தலையைக் குனிந்து முட்ட வந்தது. லூர்து குறுக்கே பாயத் தயாரானார்.

மிளகு உறுமவில்லை. முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, பின்வாங்கி உட்கார்ந்தது. ஆடும் நின்றது. சற்று நேரம் இரண்டும் ஒன்றின் வாடையை ஒன்று இழுத்தபடி இருந்தன. பிறகு மிளகு முன்னங்கால்களை நீட்டிக் குனிந்தது. குட்டிகளுக்கு உடனே புரிந்துவிட்டது. செவ்வாயின் எடைக்குறைவில் அவை ஆளுயரத்துக்குத் துள்ளின; மிளகும் துள்ளியது. பொற்கொடி வாரை விட்டுவிட்டாள்.

"இதுக்கா மூர்க்கம்னு பேரு வச்சாங்க?" என்றார் லூர்து.

"வேணாம்னா நிக்கிற பிராணிய இப்பத்தாண்ணே பார்க்குது" என்றவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எல்லாவற்றையும் படம் பிடித்து நம்பிராஜனுக்கு அனுப்பிவிட்டு அவரைத் திரையில் அழைத்தாள். தீர்ப்பு மாறிவிடும் என்பதில் அவளுக்கு உறுதி இருந்தது. அவர் படத்தை முழுதாகப் பார்த்தார். நல்ல மனிதர், அவர் கண்கூட லேசாகக் கலங்கியிருந்தது.

"அருமையான நாய்ம்மா. ஆனா தீர்ப்ப மாத்த முடியாது. பிற பிராணிங்களோட பழகுதுன்னு காட்டணும். நீ காட்டுனது ஆடு."

"ஆடு பிராணி இல்லையா சார்?"

"நம்ம சட்டத்துல இல்லையே. அது உணவுத் துறை."

பொற்கொடி திரும்பிப் பார்த்தாள். விளையாடிக் களைத்த குட்டி ஒன்று மிளகின் வயிற்றில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

"அப்ப அது இங்கயே இருக்கட்டும் சார். பண்ணையில காற்றுப்பொறி பார்க்க ஆள் இல்லன்னு அண்ணன் சொல்றாரு. நானும் இங்கயே இருந்துக்கறேன்."

"நல்லதும்மா, சந்தோஷமா இரு" என்று மனதார வாழ்த்தினார் நம்பிராஜன். திரையை அணைக்கப் போனவர் ஏதோ நினைவு வந்து நிறுத்தினார்.

"லூர்து பக்கத்துலதான இருக்காரு? அடுத்த வாரம் நம்ம குவிமாடத்துல பிராணி நேய விழா. பெரிய விருந்து போடுறோம். ரெண்டு குட்டி வேணும்னு அவர்கிட்ட சொல்லிடு. இளசா இருந்தா நல்லது."