அணைத்து வைத்த அரை மணி

"ஏங்க... கேபிளைப் பிடுங்காதீங்க!"

கடையே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டாள் அந்த ஓவியக்காரி. வீட்டில் கரண்ட் இல்லை. வெளியே கொட்டும் மழை. ஒதுங்கியது செல்போன் ரிப்பேர் கடையில். ஐந்து மணிக்குள் கடைசிப் படம் பதிப்பகத்துக்குப் போகாவிட்டால், அவளுடைய முதல் புத்தகம் வேறொருவர் கைக்குப் போய்விடும். அவள் வரைந்துகொண்டிருந்த டேப்லெட்டோ ஒரு மணி நேரமாகச் செருகியிருந்தும் நாலு சதவீதத்தைத் தாண்டவில்லை!

"வேலையும் வாங்கிக்கிட்டே சோறும் போட்டா, எப்படிங்க உடம்புல ஒட்டும்?" என்றான் கேபிளில் கை வைத்த மெக்கானிக். "ஸ்கிரீன்ல முழு வெளிச்சம்... போன் சார்ஜர் வேற. என் பெரிய சார்ஜர்ல போட்டு அரை மணி அணைச்சு வைங்க."

"அரை மணியா, தம்பி?" கல்லாவில் இருந்த அவன் அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் முறைத்தான்.

"எனக்குப் பாடம் எடுக்க வேணாம். உங்க வேலையைப் பாருங்க!" வெடுக்கென்று சொன்னாள் ஓவியக்காரி. நாலு, மூன்றானது. வேறு வழி? அணைத்துக் கொடுத்தாள்.

படத்தில் ஒரு சிறுமி முதல்முறையாக நட்சத்திரங்களைப் பார்க்கிறாள். அந்தக் கண்ணில் வியப்பு மட்டும் மூன்று வாரமாக வரவே மாட்டேன் என்கிறது...

பிரித்துப் போட்ட போன் ஒன்றை லென்ஸ் வழியே பார்த்துக்கொண்டிருந்தவன், "பார்க்கறீங்களா?" என்றான்.

வேண்டாவெறுப்பாகக் குனிந்தாள். அடேயப்பா! நகத்தளவு தகட்டில் ஒரு ஊரே இருந்தது. தங்கத் தெருக்கள், வெள்ளிக் குளங்கள்...

"இத்தனை நாளா இது என் கைக்குள்ளயா இருந்துச்சு?"

"பத்து வருஷமா பார்க்கறேன்... இன்னும் அலுக்கலீங்க."

நிமிர்ந்தாள். அவன் கண்கள் அகன்று மின்னின. மூன்று வாரமாகத் தேடிய வியப்பு அதோ, ஒரு முழம் தூரத்தில்! ஒரு மனுஷனுக்கு இப்படியும் கண் இருக்குமா... அவளுக்கு மூச்சே நின்றுவிட்டது.

அரை மணி முடிந்ததும் மடமடவென்று வரைந்தாள். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் அனுப்பினாள். உடனே பதில் வந்தது: 'கண்கள் அபாரம். புத்தகம் உங்களுக்கே.'

"அப்ப வெடுக்குனு பேசிட்டேன்... மன்னிச்சிடுங்க."

"மன்னிப்பு நான்தான் கேட்கணும்." அவன் குரல் தடுமாறியது. "கால் மணியே போதுங்க. நீங்க கிளம்பிடக் கூடாதேன்னுதான் அரை மணின்னு..."

"தெரியும். கால் மணியிலேயே ஆன் பண்ணிப் பார்த்துட்டேன், போதுமான சார்ஜ் ஏறியிருந்துச்சு."

"அப்புறம் ஏன் வரையல?"

முகம் சிவந்தது. ஆனாலும் அவனை நேராகப் பார்த்துச் சொன்னாள்:

"பிடிச்சுப்போச்சுங்க... குனிஞ்சு வரைய ஆரம்பிச்சா, உங்களைப் பார்க்க முடியாதே!"