சாட்சி மரங்கள் பார்க்கும் இடம்

வெட்டு ஈரமாக இருந்தது. ஒஹாயோ ஆற்றங்கரைப் பீச் மரத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பட்டை உரிந்து சாறு கசிந்துகொண்டிருந்தது. நில அளவைக்காரன் ஸெபுலன் தொட்டுப் பார்த்துவிட்டு விரலை மேல்கோட்டில் துடைத்துக்கொண்டான்.

“இதை யாருடா செதுக்கினது?”

“நான் இன்னும் கோடாலியையே எடுக்கலையே முதலாளி,” என்றான் அளவுச் சங்கிலி இழுக்கும் அசஹேல். “விஸ்கி போதையில நீங்களே செதுக்கினீங்களோ என்னவோ!”

“வாயை மூடு.”

எல்லை மூலையில் மர முளை அடித்தால், சுற்றியுள்ள நான்கு மரங்களில் முளையைப் பார்த்த பக்கம் பட்டை செதுக்குவது அவர்கள் வழக்கம். சாட்சி மரங்கள். முளை தொலைந்தாலும் அவை பார்க்கிற இடம்தான் மூலை. ஸெபுலன் போடப்போகும் ஊருக்கு விதவை கெஸையாவின் ஊற்று வேண்டியிருந்தது. போன இலையுதிர்காலத்தில் அவளுடைய எல்லை முளையை ஸெபுலன் பிடுங்கி எறிந்தான். சாட்சி மரங்களையும் வெட்டிச் சாய்த்தான். “என் முளை திரும்ப வரும்டா, பாத்துக்கோ,” என்று சொல்லிப் போனவள் பனியில் விறைத்துச் செத்தாள். பாவி, அதற்கும் அவன் சிரித்தான்.

நாளை மனை வாங்குகிறவர்கள் படகில் வருகிறார்கள். அவர்கள் கண்ணில் இந்த வெட்டு பட்டால் இது இன்னொருவர் எல்லை என்று தெரிந்துவிடும்; ஊரும் போச்சு, மானமும் போச்சு.

“வெட்டித் தள்ளுடா அதை!”

அசஹேல் அசையவில்லை. ஆற்றிலிருந்து மூடுபனி ஏறி வந்தது, அழுகிய இலை வாசனையோடு.

“முதலாளி... அங்கயும் ஒண்ணு இருக்கு. பின்னாடி ரெண்டு. நாலும் உங்களைத்தான் பாக்குது.”

“உளறாதே!” ஸெபுலன் விலகி நின்றான். மரம் முறுகுவது போல ஒரு சத்தம். நான்கு வெட்டுகளும் அவன் பக்கம் திரும்பியிருந்தன.

“ஐயோ சாமி!” கோடாலியைப் போட்டுவிட்டு ஓடினான் அசஹேல். காலடிச் சத்தம் தேய்ந்தது. பறவைகள்கூட அடங்கிவிட்டன.

ஸெபுலனும் ஓடப் பார்த்தான். கால் வரவில்லை. கணுக்கால்வரை மண். சில்லென்ற மண்.

யாரோ நடந்து வந்தார்கள். ஈரப் பாவாடை தரையில் உரசும் சத்தம். நின்றது. பின்னால்.

“கெஸையா... ஊற்றை நீயே வச்சுக்கோ. சத்தியமா!”



முதல் அடி உச்சந்தலையில் விழுந்தது. இடுப்புவரை இறங்கினான். இரண்டாவது அடி. மார்பு. மூன்றாவது. வாயில் மண். அலற முடியவில்லை.

பனி ஒட்டிய தலைமுடியோடு அவள் எதிரே வந்து குனிந்தாள். மரங்களைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். பிறகு நிதானமாக மரச்சுத்தியலை ஓங்கினாள்.

முளையின் தலை இன்னும் மண்ணுக்கு மேலே இருந்தது.